புற்றுநோய் மருந்துகள் டிஎன்ஏவை எங்கே வெட்டுகின்றன, ஏன் அங்கே?

உங்கள் கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் (வேதித் தொகுதிகள்) வரிசையாக நிற்கும், ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகள்; ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. ப்ளியோமைசின் போன்ற சில கீமோ மருந்துகள் டிஎன்ஏவைக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை, சில எழுத்து வரிசைகளில்தான் அதிகமாக வெட்டுகின்றன என்று படித்திருக்கிறீர்கள். ஒரு சிறிய மூலக்கூறுக்கு வரிசை எப்படித் தெரிகிறது என்பது முதல் பாகம். அப்படித் தெரியுமென்றால், புற்று செல்லில் மட்டும் இருக்கும் வரிசையை வெட்டும்படி செய்துவிடலாமே என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. மனித மரபுத்தொகுதியில், அதாவது மனிதனின் மொத்த டிஎன்ஏ வரிசையில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். எழுத்துகள் சீராகக் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால், ஓர் இடத்தை மட்டும் தனியாகச் சுட்டிக்காட்ட 16, 17 எழுத்து நீளமுள்ள வரிசை வேண்டும். நான்கை 16 முறை பெருக்கினால்தான் 429 கோடி வருகிறது. ப்ளியோமைசின் முக்கியமாகப் பார்ப்பது இரண்டே எழுத்து. ஜி-யை அடுத்து சி, அல்லது ஜி-யை அடுத்து டி. இந்த இரண்டில் ஒன்று சராசரியாக எட்டு எழுத்துக்கு ஒரு முறை வந்துவிடும். அதாவது ஓர் இழையில் மட்டும் முப்பது கோடிக்கு மேற்பட்ட இடங்கள். நான்கு எழுத்து பார்க்கும் காலிகியமைசின் என்ற இன்னொரு மருந்துக்குக்கூட இரண்டு இழைகளையும் சேர்த்தால் இரண்டு கோடிக்கு மேல் இடம் கிடைக்கும். புற்று செல்லிலும் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லிலும் இந்த இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

ஆக, வரிசை விருப்பம் என்பது வேறு, குறி பார்த்து அடிப்பது என்பது வேறு. பத்திரிகைச் செய்திகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மருந்து டிஎன்ஏ மேல் எப்படி உட்கார்கிறது, எந்த அணுவைத் தாக்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அதுதான் இதில் சுவையான பகுதி.

தொடங்கும் முன் ஒன்று. டிஎன்ஏவைத் தாக்கும் எல்லா மருந்தும் அதை வெட்டுவதில்லை. சிஸ்பிளாட்டின் வெட்டாது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஜி-க்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும். சைக்ளோபாஸ்பமைடு போன்றவையும் ஒட்டிக்கொள்ளும் வகைதான். அவற்றுக்கும் வரிசை விருப்பம் உண்டு, ஆனால் இங்கே அதற்குள் போகவில்லை. உண்மையில் இழையை அறுப்பவை இரண்டு வகை. தானே வேதிவினை செய்து அறுப்பவை ஒன்று: ப்ளியோமைசின், நியோகார்சினோஸ்டாட்டின், காலிகியமைசின். செல்லின் சொந்த நொதி வெட்டும்போது அதைப் பாதியில் மடக்கி நிறுத்துபவை மற்றொன்று: கேம்ப்டோதெசின் குடும்பம், எட்டோபோசைடு, டாக்சோரூபிசின். இரண்டு வகையிலும் வரிசை விருப்பம் இருக்கிறது. காரணம்தான் முற்றிலும் வேறு.

வெட்டிய இடம் எப்படித் தெரிந்தது

1977இல் ஆலன் மாக்சமும் வால்டர் கில்பர்ட்டும் டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் வேதிமுறையை வெளியிட்டார்கள். டிஎன்ஏவின் ஒரு முனையில் கதிரியக்க பாஸ்பரஸ்-32 அடையாளம் போட்டு, ஒவ்வொரு எழுத்திலும் தனித்தனியாக வேதிப்பொருளால் வெட்டி, துண்டுகளை மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டு (சிறியவை வேகமாகக் கீழே போகும்), நீளத்தை வைத்து எழுத்தைப் படிப்பது அந்த முறை. அது வந்தவுடனே மருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. வேதிப்பொருளுக்குப் பதில் மருந்தால் வெட்டி, அந்தத் துண்டுகளை ஜெல்லின் பக்கத்துத் தடத்தில் ஓடவிட்டால் போதுமே, எந்த எழுத்தில் வெட்டியது என்பது நேராகத் தெரிந்துவிடுமே! 1978இல் ஆலன் டி'ஆண்ட்ரியாவும் வில்லியம் ஹேசல்டைனும் ப்ளியோமைசினையும் நியோகார்சினோஸ்டாட்டினையும் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அதே ஆண்டு ஆர்தர் குரோல்மனின் குழுவும் ப்ளியோமைசினுக்கு இதே விடையைச் சொன்னது: ஜி-சி, ஜி-டி.

இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருந்தை அளவாகத்தான் போட வேண்டும். ஒரு டிஎன்ஏ துண்டு சராசரியாக ஒரு முறைக்கு மேல் வெட்டுப்படக் கூடாது. அதிகம் போட்டால் அடையாளம் இருக்கும் முனைக்கு அருகில் விழுந்த வெட்டு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தூரத்தில் விழுந்தவை மறைந்துவிடும். அதைப் பார்த்து 'மருந்துக்கு இந்த இடம்தான் பிடிக்கும்' என்று முடிவு கட்டினால் தப்பு. பழைய ஜெல் படங்களைப் பார்க்கும்போது வெட்டுப்படாத முழு நீள டிஎன்ஏ மேலே கெட்டியாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கீழே இருக்கும் பட்டைகளை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். ப்ளியோமைசின் வெட்டிய துண்டுகள் மாக்சம்–கில்பர்ட் துண்டுகளோடு நேர்கோட்டில் நிற்பதில்லை. கொஞ்சம் வேகமாக ஓடிக் கீழே போய்விடுகின்றன. நீளம் ஒன்றுதான், ஆனால் வெட்டு முனையின் வேதியியல் வேறு: சாதாரண பாஸ்பேட்டுக்குப் பதில் பாஸ்போகிளைக்கோலேட் என்ற ஒரு சர்க்கரைச் சிதறல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஎன்ஏ இழையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சர்க்கரையில் பொருத்தப்பட்டு, அந்தச் சர்க்கரைகள் பாஸ்பேட்டால் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சர்க்கரையின் எந்த இடம் தாக்கப்பட்டது என்பதற்கான தடயமே இந்தச் சிறு விலகல்தான்.

ப்ளியோமைசின்: இரும்பும் ஆக்சிஜனும்

ஜப்பானில் ஹமாவோ உமேசாவாவின் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெர்ட்டிசில்லஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்து 1966இல் வெளியிட்ட மருந்து இது. பிரித்தெடுத்தபோது செம்பைப் பிடித்துக்கொண்டு நீல நிறமாக இருந்தது. உலோகத்தைப் பிடிக்கும் இந்தக் குணம்தான் அதன் உயிர்நாடி. ஆனால் டிஎன்ஏவை வெட்டுவதற்கு அதற்கு வேண்டியது இரும்பு.

மூலக்கூறை நான்கு பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு முனையில் உலோகத்தைக் கவ்வும் பகுதி. மறு முனையில் பைதயசோல் என்ற இரண்டு தட்டையான வளையங்களும் நேர்மின் ஏற்றமுள்ள ஒரு வாலும். நடுவே இரண்டையும் இணைக்கும் சங்கிலி. பக்கவாட்டில் இரண்டு சர்க்கரைகள். டிஎன்ஏ எதிர்மின் ஏற்றம் கொண்டது என்பதால் அந்த வால் அதோடு ஒட்டிக்கொள்கிறது. தட்டை வளையங்கள் எழுத்து இணைகளுக்கு நடுவே நுழைந்து பிடிப்பைத் தருகின்றன. இப்படிப் பார்க்கும்போது வரிசையைத் தேர்ந்தெடுப்பது பைதயசோல் பகுதிதான் என்று தோன்றும். முதலில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வரிசையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு உலோகத்தைக் கவ்வும் முனைக்கு.

டிஎன்ஏவின் முறுக்கில் இரண்டு இழைகளுக்கு இடையே இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன; அவற்றில் குறுகலான சிறு பள்ளத்தில் அந்த முனை உட்கார்கிறது. பள்ளத்துக்குள் ஜி எழுத்துக்கு மட்டும் ஓர் அமினோ தொகுதி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏ, டி, சி மூன்றுக்கும் அந்த இடத்தில் அது கிடையாது. ப்ளியோமைசினின் பிரிமிடின் வளையம் அந்த அமினோ தொகுதியோடும், பக்கத்தில் இருக்கும் ஒரு நைட்ரஜனோடும் ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. ஜோன் ஸ்டப்பின் குழு இரும்புக்குப் பதில் கோபால்ட்டை வைத்து, வெட்டாமல் உட்கார மட்டும் செய்யும் ப்ளியோமைசினைத் தயாரித்து, அணுக்கரு காந்த ஒத்திசைவு முறையில் இந்த அமைப்பைப் பார்த்தது.

இதைச் சோதிக்க இன்னொரு அழகான வழி இருந்தது. ஜி-க்குப் பதில் இனோசின் என்ற எழுத்தை வைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும், அந்த அமினோ தொகுதி மட்டும் காணாமல் போகும். ஏ-க்குப் பதில் டைஅமினோபியூரின் வைத்தால், இல்லாத இடத்தில் அது முளைக்கும். கிறிஸ்டியன் பெய்லியும் மைக்கேல் வேரிங்கும் இப்படி மாற்றி எழுதிய டிஎன்ஏவை ப்ளியோமைசினுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமினோ தொகுதி இடம் மாறியதும் வெட்டும் இடங்களும் மாறின. மருந்து 'ஜி' என்ற எழுத்தைத் தேடவில்லை, பள்ளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு தொகுதியைத்தான் தேடுகிறது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது.

ஜி-யைப் பிடித்துக்கொண்டு ப்ளியோமைசின் உட்கார்ந்ததும், அதன் இரும்பு அடுத்த எழுத்தின் சர்க்கரைக்கு அருகே வந்துவிடுகிறது. இரும்போடு ஏற்கெனவே ஆக்சிஜன் சேர்ந்து, ஒரு எலக்ட்ரானும் கிடைத்து, பெராக்சைடு வடிவில் தயாராக இருக்கும். அது அந்தச் சர்க்கரையின் நான்காவது கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அவ்வளவுதான். அதன் பிறகு நடப்பதற்கு மருந்து தேவையில்லை. ஹைட்ரஜனை இழந்த கார்பன் ராடிக்கலாக, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு எதனோடும் சேரத் துடித்துக்கொண்டு, நிற்கிறது. இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறு வந்து சேர்ந்தால் சர்க்கரை உடைந்து இழை அறும். முனையில் நான் மேலே சொன்ன பாஸ்போகிளைக்கோலேட் மிஞ்சும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் எழுத்து மட்டும் உதிர்ந்து, இழை அறாமல் பலவீனமான ஒரு காலி இடமாக நிற்கும். அடுத்த எழுத்து சி-யாகவோ டி-யாகவோ இருந்தால் இந்தத் தூரமும் கோணமும் சரியாக அமைகின்றன. அதனால்தான் ஜி-சி, ஜி-டி.

பெரும்பாலான வெட்டுகள் ஒற்றை இழையில் விழுகின்றன. செல்லுக்கு அவை பெரிய தலைவலி இல்லை, எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடும். உயிருக்கு ஆபத்து இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறும்போதுதான். ப்ளியோமைசினில் சிறு பங்கு வெட்டுகள் அப்படி. லாரன்ஸ் போவர்க் இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். முதல் வெட்டு ஜி-சி, ஜி-டி விதிக்குக் கட்டுப்பட்டது. எதிர் இழையில் விழும் இரண்டாவது வெட்டு கட்டுப்படுவதில்லை. அது முதல் வெட்டுக்கு நேர் எதிரிலோ ஓர் எழுத்து தள்ளியோ விழுகிறது, அங்கே எந்த எழுத்து இருந்தாலும். ஒரே மருந்து மூலக்கூறு முதல் வெட்டுக்குப் பிறகு விலகிப் போகாமல், மறுபடி ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்பி அறுக்கிறது என்று கொண்டால் இது பொருந்தும். ஆக, செல்லைக் கொல்லும் வெட்டில் பாதிக்கு வரிசை விருப்பமே கிடையாது!

காலிகியமைசின்: நான்கு எழுத்து

இதையும் நியோகார்சினோஸ்டாட்டினையும் ஈன்டைஐன் என்ற குடும்பத்தில் சேர்ப்பார்கள். ஒரு வளையத்துக்குள் இரண்டு மும்மைப் பிணைப்பும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பும் விறைப்பாக மாட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு. செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மம் காலிகியமைசினின் மூன்று கந்தகப் பூட்டைத் திறந்ததும், அந்த வளையம் தானே சுருங்கி ஒரு பென்சீன் வளையமாகிறது. 1972இல் ராபர்ட் பெர்க்மன் சோதனைக்கூடத்தில் கண்ட வேதிவினை இது. அப்போது அதற்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இயற்கை அதை முன்பே செய்துவைத்திருக்கிறது என்பது 1980களில், காலிகியமைசினின் அமைப்பு வெளிவந்தபோதுதான் தெரிந்தது.

சுருங்கும்போது அந்த வளையத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு ராடிக்கல்கள் உருவாகின்றன. சிறு பள்ளத்துக்குள் இது நடந்தால், ஒரு ராடிக்கல் ஓர் இழையின் சர்க்கரையிலிருந்தும் மற்றது எதிர் இழையின் சர்க்கரையிலிருந்தும் ஹைட்ரஜனைப் பிடுங்கும். இரண்டு இழைகளும் ஒரே வீச்சில் அறும். ப்ளியோமைசின் இரண்டு தடவையில் செய்வதை இது ஒரே தடவையில் செய்துவிடுகிறது. வீரியம் பயங்கரமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வரிசை விருப்பம் வருவது வெட்டும் பகுதியிலிருந்து இல்லை, அதோடு தொங்கும் சர்க்கரைச் சங்கிலியிலிருந்து. நான்கு சர்க்கரையும், நடுவே அயோடின் பொருத்திய ஒரு பென்சீன் வளையமும் கொண்ட அந்தச் சங்கிலி சிறு பள்ளத்தின் வளைவோடு ஒத்துப்போகிறது. டி-சி-சி-டி என்ற நான்கெழுத்துக்கு எதிர் இழையில் நிற்பவை ஏ-ஜி-ஜி-ஏ. அந்த ஜி-க்களின் அமினோ தொகுதி பள்ளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அயோடின் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. ப்ளியோமைசினும் இதுவும் அமைப்பில் கொஞ்சமும் ஒத்தவை இல்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ளும் கொக்கி அதே அமினோ தொகுதி. இந்த வரிசை விருப்பம் 1988இல் வெளிவந்தது. டி-சி-சி-டி மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். டி மட்டுமே நான்கு வரும் இடத்திலும் அது வெட்டும். பள்ளத்தின் வடிவம் வளைந்துகொடுத்தால் அதற்குப் போதும்.

இவ்வளவு வீரியமான மருந்தை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாது. அதனால் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியில் கட்டி அனுப்புகிறார்கள். சில ரத்தப் புற்று செல்களின் மேல் இருக்கும் சிடி33 என்ற புரதத்தைத் தேடிப்போகும் ஜெம்ட்டுசுமாப் ஓசோகமைசின் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2010இல் திரும்பப் பெறப்பட்டு, டோஸ் முறையை மாற்றிய பிறகு 2017இல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. சிடி22ஐத் தேடும் இனோட்டுசுமாப் ஓசோகமைசினும் அதே ஆண்டில் வந்தது. குறி பார்க்கும் வேலையை ஆன்டிபாடி செய்கிறது, டிஎன்ஏ வரிசை இல்லை. நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு மருத்துவம் கண்ட வழிகளில் ஒன்று இது என்று வைத்துக்கொள்ளலாம்.

நியோகார்சினோஸ்டாட்டினைப் பற்றி ஒரு வரி போதும்: இதுவும் ஈன்டைஐன்தான், ஆனால் டி, ஏ எழுத்துகளில் அதிகம் வெட்டும், முக்கியமாகச் சர்க்கரையின் ஐந்தாவது கார்பனைத் தாக்கும்.

நொதியை மடக்கும் மருந்துகள்

இனி அடுத்த வகை. டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த முறுக்கை அவிழ்க்க டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. முதல் வகை ஓர் இழையை வெட்டி, முறுக்கை அவிழவிட்டு, மறுபடி ஒட்டும். இரண்டாம் வகை இரண்டு இழைகளையும் நான்கு எழுத்து இடைவெளியில் வெட்டி, இடையே இன்னொரு டிஎன்ஏவைக் கடத்திவிட்டு, பிறகு ஒட்டும். வெட்டியிருக்கும் நேரம் முழுக்க நொதியின் டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று அறுந்த முனையோடு வேதிப் பிணைப்பில் ஒட்டியிருக்கும். சாதாரணமாக இந்த நிலை நொடியில் கடந்துபோகும்.

கேம்ப்டோதெசினை மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் கேம்ப்டோதீக்கா அக்யூமினாட்டா என்ற சீன மரத்திலிருந்து பிரித்து 1966இல் வெளியிட்டார்கள். ஆரம்பகால நோயாளிச் சோதனைகள் சிறுநீர்ப்பைப் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளால் நின்றுபோயின. 1985இல் லெராய் லியுவின் குழு இதன் இலக்கு முதல் வகை டோபோஐசோமரேஸ் என்று காட்டிய பிறகுதான் மருந்து திரும்ப உயிர் பெற்றது. டோப்போடெக்கான், இரினோடெக்கான் இரண்டும் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

கேம்ப்டோதெசின் எதையும் வெட்டுவதில்லை. நொதி வெட்டிய இடைவெளிக்குள் போய்க் கதவிடுக்கில் செருகிய ஆப்பு மாதிரி நின்றுகொள்கிறது. அறுந்த முனைகள் சேர முடிவதில்லை. 2002இல் வெளியான படிக அமைப்பில் டோப்போடெக்கான் அப்படியே வெட்டின் இருபுறத்து எழுத்து இணைகளுக்கும் நடுவில் படுத்திருப்பதைப் பார்க்கலாம். இங்கே வரிசை விருப்பம் இரண்டு பேருக்கும் சொந்தம். நொதிக்குத் தானாகவே வெட்டுக்கு முன்னால் டி இருந்தால் பிடிக்கும். மருந்துக்கு வெட்டுக்குப் பின்னால் ஜி இருந்தால் பிடிக்கும், ஏனென்றால் அது அடுக்கி உட்கார்வது அந்த ஜி-யின் மேல். ஆகவே நொதி நூறு இடத்தில் வெட்டினாலும், டி-க்கும் ஜி-க்கும் நடுவே விழுந்த வெட்டுகள்தான் மருந்தால் அதிகம் நிலைத்து நிற்கின்றன.

இரண்டாம் வகை நொதியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது, ஏனென்றால் ஒரே நொதிக்கு வெவ்வேறு மருந்து வெவ்வேறு எழுத்தைக் கேட்கிறது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈவ் பொம்மியே, ஜியோவானி கப்ரானிக்கோ ஆகியோரின் ஆய்வுகள் காட்டியது இதுதான். டாக்சோரூபிசினுக்கு வெட்டுக்கு உடனடி முன்னால் ஏ வேண்டும். எட்டோபோசைடு குடும்பத்துக்கு அதே இடத்தில் சி. இதே நொதியை மடக்கும் ஆம்சாக்ரின் என்ற மருந்துக்கு வெட்டுக்குப் பின்னால் ஏ. நொதி மாறவில்லை, டிஎன்ஏ மாறவில்லை; மருந்து மாறியதும் வரைபடம் மாறியது. விருப்பம் எப்போதும் வெட்டை ஒட்டிய எழுத்திலேயே வந்ததால், மருந்து உட்கார்ந்திருப்பது வெட்டுக்குள்ளேதான் என்று படிக அமைப்பு எதுவும் வருவதற்கு முன்பே சொல்ல முடிந்தது. எட்டோபோசைடு விஷயத்தில் அது கண்ணால் பார்த்து உறுதியாக 2011 ஆனது. இரண்டு இழை வெட்டுக்கு இரண்டு எட்டோபோசைடு, வெட்டுக்கு ஒன்றாக.

டாக்சோரூபிசின் தனியாகவும் டிஎன்ஏவுக்குள் நுழையக்கூடிய மருந்து. நொதி இல்லாத டிஎன்ஏவில் இந்தக் குடும்பம் விரும்புவது ஜி, சி அடுத்தடுத்து வரும் இடங்களை. நொதியோடு சேர்ந்தாலோ ஏ. ஒரே மருந்துக்கு இரண்டு விருப்பம். 'இந்த மருந்து இந்த வரிசையில் ஒட்டும், எனவே அங்கேதான் வெட்டும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். அப்புறம், டாக்சோரூபிசினை அளவுக்கு மேல் போட்டால் வெட்டு அதிகமாகாது, குறையும். டிஎன்ஏ முழுக்க மருந்து நிரம்பி, நொதியாலேயே உட்கார முடியாமல் போய்விடுவதால்.

மடங்கி நிற்கும் நொதி தானாகச் செல்லைக் கொல்வதில்லை. மருந்தை எடுத்துவிட்டால் வெட்டு ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏ படியெடுக்கும் இயந்திரம் அதன் மேல் வந்து மோதும்போதுதான் ஒற்றை இழை வெட்டு இரட்டை இழை முறிவாக மாறுகிறது. கேம்ப்டோதெசின் வகை மருந்துகள் டிஎன்ஏ படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்களையே அதிகம் தாக்குவது இதனால்தான். வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜையும் குடலும் கூடவே அடிபடுவதும் இதனால்தான்.

சோதனைக்குழாய்க்கு வெளியே

மேலே சொன்ன விதிகளெல்லாம் வெறும் டிஎன்ஏவில் கண்டவை. செல்லுக்குள் டிஎன்ஏ அப்படிக் கிடப்பதில்லை. ஏறக்குறைய 147 எழுத்து இணைகளாக ஹிஸ்டோன் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. ப்ளியோமைசினுக்கு எளிதில் கிடைப்பது உருண்டைகளுக்கு இடையில் இருக்கும் இணைப்புப் பகுதி. ஆகவே செல்லில் முதல் தேர்வு 'எங்கே திறந்திருக்கிறது' என்பது, இரண்டாவது தேர்வுதான் 'எங்கே ஜி-டி இருக்கிறது'. சிட்னியில் வின்சென்ட் முர்ரேயின் குழு இதை மரபுத்தொகுதி முழுவதற்கும் செய்துபார்த்தது; மரபணுக்கள் படிக்கப்படத் தொடங்கும் இடங்களைச் சுற்றி வெட்டு கூடுதலாக இருந்தது. திறந்திருக்கும் இடம் என்ற கணக்கோடு அது சரியாகப் பொருந்துகிறது.

குரோமோசோம் முனைகளான டெலோமியரில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றும் அடுத்ததைத் தொடும் இடத்தில் ஒரு ஜி-டி. ப்ளியோமைசினுக்கு விருந்துதான்.

வரிசை விருப்பம் ஒரு நோயாளியின் வாழ்க்கையில் நேரடியாகக் குறுக்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மைட்டோசாண்ட்ரோன் என்பதும் இரண்டாம் வகை டோபோஐசோமரேஸை மடக்கும் மருந்து. மார்பகப் புற்றுக்கு அது கொடுக்கப்பட்ட சிலருக்குப் பிறகு வேறொரு புற்று வந்தது: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்று. 15ஆம் குரோமோசோமில் இருக்கும் பிஎம்எல் மரபணுவும் 17ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்ஏஆர்ஏ மரபணுவும் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வதால் வரும் நோய் அது. 2005இல் வெளிவந்த ஆய்வில், அப்படிப்பட்ட பலரிடம் பிஎம்எல் மரபணு உடைந்த இடம் எட்டே எழுத்து நீளமுள்ள ஒரு பகுதிக்குள் குவிந்திருந்தது தெரிந்தது. அந்தத் துண்டைச் சோதனைக்குழாயில் எடுத்து நொதியும் மைட்டோசாண்ட்ரோனும் சேர்த்தபோது, வெட்டு விழுந்ததும் அதே இடத்தில். எட்டோபோசைடுக்குப் பிறகு 11ஆம் குரோமோசோமின் கேஎம்டி2ஏ மரபணு உடைந்து வரும் லுக்கீமியாவும் இதே வகையைச் சேர்ந்தது. கோடிக்கணக்கான இடங்களில் விழும் வெட்டு செல்லைக் கொல்கிறது. கொல்லாமல் விட்ட செல்லில், தப்பான இடத்தில் விழுந்த ஒரு வெட்டு புதிய நோயைத் தொடங்குகிறது.

அப்படியானால் புற்று செல் மட்டும் ஏன் சாகிறது?

மட்டும் சாவதில்லை, அதிகம் சாகிறது. வெட்டு எல்லாச் செல்லிலும் விழுகிறது. வெட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பல புற்று செல்களில் பழுதுபார்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே ஓட்டையாக இருக்கும். பழுது இருக்கும்போது பிரிவதை நிறுத்தும் தடையும் இருக்காது. உடைந்த குரோமோசோமோடு பிரியப் போய்ச் சாகும்.

ப்ளியோமைசின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விந்தகப் புற்றிலும் ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் அது பயன்பட்டு வருகிறது. எலும்பு மஜ்ஜையை அது அதிகம் தொடுவதில்லை, அதனால் மற்ற மருந்துகளோடு சேர்க்க வசதி. அடி விழுவது நுரையீரலிலும் தோலிலும். ப்ளியோமைசினைச் செயலிழக்கச் செய்யும் ப்ளியோமைசின் ஹைட்ரோலேஸ் என்ற நொதி அந்த இரண்டு திசுக்களிலும் குறைவு. நுரையீரல் திசு தழும்பேறிப் போவதுதான் இதன் மிகப்பெரிய ஆபத்து; மொத்த டோஸ் 400 யூனிட்டைத் தாண்டினால் அது கூடுதலாகிறது. ஜி-சி, ஜி-டி வரிசைகள் நுரையீரல் செல்லில் எவ்வளவோ சிறுநீரகச் செல்லிலும் அவ்வளவே.

மருந்தை நீளமான வரிசையைப் படிக்க வைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பீட்டர் டெர்வன் 1980களிலேயே டிஸ்டமைசின் என்ற சிறு பள்ள மூலக்கூறில் இரும்பைக் கவ்வும் பகுதியை ஒட்டவைத்து, செயற்கையாக ஒரு ப்ளியோமைசின் மாதிரி செய்தார். பிறகு பாலிஅமைடுகள் என்ற பெயரில், ஒவ்வொரு எழுத்து இணைக்கும் ஒரு வளையச் சோடி என்ற விதியில், விரும்பிய வரிசைக்கு மூலக்கூறைக் கட்ட முடியும் என்று காட்டினார். வேதியியலாக அது பெரிய சாதனை. ஆனால் எழுத்து கூடக்கூட மூலக்கூறு பெரிதாகும். பெரிதானால் செல்லுக்குள், அதிலும் உட்கருவுக்குள் போவது சிரமம். ஒரு புற்றுக்கே உரிய வரிசையை வெட்ட இன்று யாராவது முயன்றால் ஓர் ஆர்என்ஏ வழிகாட்ட டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் முறைப் பக்கம்தான் போவார்கள். வழிகாட்டும் ஆர்என்ஏவில் 20 எழுத்து, நான் தொடக்கத்தில் சொன்ன 16ஐத் தாண்டிவிடுகிறது. அதை உடம்பின் ஒவ்வொரு புற்று செல்லுக்கும் கொண்டுசேர்ப்பது இன்னும் தீராத தலைவலி.

கடைசியாக, மரபணுச் சோதனை செய்து எந்த வெட்டும் மருந்து பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெட்டும் வரிசையை வைத்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பார்ப்பது வேறு மரபணுக்களை. இரினோடெக்கான் கொடுக்கும் முன் யுஜிடி1ஏ1 மரபணுவைப் பார்ப்பார்கள். மருந்தின் செயல்படும் வடிவத்தை உடம்பிலிருந்து வெளியேற்ற உதவும் நொதிக்கான மரபணு அது, சில மாற்று வடிவங்கள் இருப்பவர்களுக்கு வழக்கமான டோஸே அதிகமாகிவிடும். ப்ளியோமைசினுக்கு மரபணுவைவிட நுரையீரல் செயல்திறன் சோதனையும் வயதும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதும்தான் முக்கியம். அந்த மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் பின்னாளில் எந்த அறுவைசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து நிபுணரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து வெட்டும் மருந்து என்பதால், அறுவைசிகிச்சையின்போது தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.